கலம் மாற்றிய பின் பணிய மறுக்கும் கார்ச் சாவி

மைசூரிலிருந்து உதகமண்டலம் செல்லும் சாலையில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் குண்டல்பேட்டை உள்ளது. அதற்கு அப்பால் பந்திப்பூர்க் காடு தொடங்குகிறது. வன விலங்குகளின் நலன் கருதி அக்காட்டின் ஊடே செல்லும் சாலைகளில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை பொது வாகனப் போக்குவரத்து 2009-ஆம் ஆண்டு முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. ஆதலின் மாலையில் மைசூரை விட்டுப் புறப்படுவோர் அடிக்கடி மணி பார்த்துக்கொண்டே செல்வது வழக்கம்.

இதை எழுதுபவனும், கூடலூரில் ஆசிரியராக இருக்கும் நண்பர் ஒருவரும் சென்ற ஆண்டு ஒரு மாலையில் அவ்வழியே காரில் சென்றோம். நண்பர் மறுநாள் காலை 8 மணிக்குத் தேர்வு மேற்பார்வைக்காகப் பள்ளியில் இருக்க வேண்டியவர். குண்டல்பேட்டையில் தேநீர் அருந்த இறங்கியபோது மணி ஏழரை. சில நாட்களாகவே சாவியின் ரிமோட் பொத்தான் சோர்ந்து வந்தது. வண்டியை ஒட்டி நின்று மூன்று நான்கு முறை அழுத்தினால்தான் கதவு திறக்கும். ஆயினும் வண்டி கிளம்புவதில் ஒரு குறையும் இருந்ததில்லை. தேநீர்க் கடைக்குப் பக்கத்திலேயே கடிகாரமும் கைப்பேசியும் பழுது பார்க்கும் கடை ஒன்று இருக்கவே, சாவியைக் கொடுத்துப் புதிய பாட்டரி போடச் சொன்னோம். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

பொத்தானை அழுத்தினோம். இருபது அடி தூரத்திலிருந்தே விளக்குகள் மின்னிக் கதவு திறந்தது. மகிழ்ச்சியோடு அமர்ந்து சாவியைத் திருப்பினால், இயந்திரம் ஒரு கணம் இயங்கி உடனே அடங்கிவிட்டது. மறுபடி திருப்பியபோதும் அவ்வாறே ஆயிற்று. முகப்புப் பலகையில் சாவி வடிவமுள்ள சிறிய விளக்கு ஒன்று ஓயாமல் மின்னிக்கொண்டிருந்தது.

புதிய பாட்டரிதான் போலியோ என்று ஐயுற்று வேறொன்று வாங்கிப் போட்டோம், பயனில்லை. மூன்றாவதும் போட்டுப் பார்த்தோம். மெக்கானிக் ஒருவர் வந்தார். சாவி முழுவதையும் மாற்ற வேண்டும், அதற்கு வண்டியை மைசூருக்கு இழுத்துச் செல்ல வேண்டும், பல ஆயிரம் ரூபாய் ஆகும் என்று கூறினார். மாற்றுச் சாவியோ மைசூரில் வீட்டு அலமாரியில் இருந்தது.

அன்றிரவு நாங்கள் செய்த பிழை யாதெனில், ஒரு சாவி என்று எண்ணிக்கொண்டு பாட்டரியை மட்டுமே சோதித்ததாகும். இன்றைய கார்ச் சாவி ஒன்றன்று. ஒரே கூட்டுக்குள் ஒன்றையொன்று சாராத மூன்று சாவிகள் இருக்கின்றன. பழுது எதில் என்பதை முதலில் பிரித்தறிந்தால், பெரும்பாலான இடர்கள் செலவின்றியே தீரும்.

ஒரு கூட்டுக்குள் மூன்று சாவிகள்

முதலாவது, எல்லாரும் கண்ணால் காணும் உலோகத் தகடு. இது பூட்டின் உள்ளிருக்கும் நெம்புகளை நகர்த்தும் பழைய முறைச் சாவி. மின்சாரத்தோடு இதற்குத் தொடர்பில்லை. இரண்டாவது, பொத்தானை அழுத்தினால் வானொலி அலை அனுப்பும் சிறு ஒலிபரப்பி. கதவைத் திறப்பதும் மூடுவதும் இதன் வேலை. காசு வடிவமான மின்கலம் இதற்காகவே வைக்கப்பட்டுள்ளது. மூன்றாவது, இயந்திரம் இயங்குவதற்கு அனுமதி தரும் சில்லு. இது பொத்தானோடும் மின்கலத்தோடும் சேர்ந்ததன்று. இதற்கு வேண்டிய மின்சாரத்தை வண்டியே தருகிறது. எவ்வாறு தருகிறது என்பதைப் பின்னர்க் காண்போம்.

இம்மூன்றையும் மனத்திற்கொண்டு, பழுதின் அறிகுறியை நோக்குக. பொத்தானுக்குக் கதவு திறக்கவில்லை, ஆனால் தகட்டால் திறந்து வண்டியைக் கிளப்ப முடிகிறது என்றால், பழுது ஒலிபரப்பியிலோ அதன் மின்கலத்திலோ உள்ளது. பொத்தானுக்குக் கதவு திறக்கிறது, ஆனால் இயந்திரம் கிளம்பி உடனே அடங்குகிறது என்றால், மின்கலத்தை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. பழுது சில்லில் உள்ளது. இரண்டும் நடைபெறவில்லை, உள் விளக்கும் மங்கலாக எரிகிறது என்றால், சாவியை விட்டுவிட்டு வண்டியின் 12 வோல்ட் பாட்டரியைப் பார்க்க வேண்டும்.

இங்கே சொல் பற்றி ஓர் இடைக்குறிப்பு. நாம் நாள்தோறும் வழங்கும் ‘சாவி’ போர்ச்சுகீசியர் விட்டுச் சென்ற சொல். நம் பழஞ்சொல் திறவுகோல். பொத்தான்கள் உள்ள இச்சாவித் தலைக்கு ஆங்கிலத்தில் ‘ஃபாப்’ என்று பெயர். அது முதலில் இடுப்பில் கடிகாரம் வைக்கும் சிறு பையைக் குறித்தது. பிறகு அக்கடிகாரத்தின் சங்கிலியில் தொங்கும் அணிக்கும், அதன் பின் சாவி வளையத்தில் தொங்கும் பொருளுக்கும் பெயராயிற்று. அலுவலகக் குறிப்பொன்றில் இச்சொல்லை மொழிபெயர்க்க நேர்ந்தபோது அரை நாள் செலவாயிற்று. முடிவில் மக்கள் சொல்வது போலவே ‘ரிமோட் சாவி’ என்று எழுதிவிட்டேன்.

மின்கலமும் அதன் இலக்கமும்

கடைகளில் ‘பட்டன் செல்’ எனக் கேட்டு வாங்கும் இக்கலத்தின் முகத்தில் சி.ஆர். 2032 என்பது போன்ற இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். இது வெறும் வணிக எண் அன்று. முதல் எழுத்து, கலத்தின் வேதியியல் அமைப்பைக் குறிக்கிறது. அதாவது ஒரு முனை லித்தியம், மறுமுனை மாங்கனீசு டை ஆக்சைடு. இரண்டாம் எழுத்து, வட்ட வடிவினது என்பதைச் சொல்கிறது. முதல் இரண்டு இலக்கங்கள் விட்டம்: 20 மில்லிமீட்டர். கடைசி இரண்டும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்காக எழுதப்பட்ட கனம்: 3.2 மில்லிமீட்டர். இவ்வாறே 2025 என்பது 2.5 மில்லிமீட்டரும், 2016 என்பது 1.6 மில்லிமீட்டரும் கனமுள்ளவை. மூன்றும் 3 வோல்ட் கலங்களே. சேமித்த மின்னளவுதான் வேறு: 2032-இல் ஏறக்குறைய 220 மில்லியாம்பியர்-மணி, 2016-இல் அதில் பாதியினும் குறைவு. இத்தகைய கலங்களின் இயலை ஆராயும் மின்வேதியியல் துறைக்கென நம் நாட்டில் காரைக்குடியிலேயே ஒரு மத்திய ஆராய்ச்சி நிலையம் உண்டு. 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953-இல் திறக்கப்பட்டது. அப்பகுதி ஆசிரியர்கள் இதை மாணவர்க்கு நினைவூட்டலாம்.

கலம் மாற்றிய பின் எழும் தொல்லைகளில் பாதி, இந்த இலக்கத்தைக் கவனியாததால் வருவன. 2032 இல்லையென்று கடைக்காரர் 2025-ஐப் போட்டுக் கொடுப்பதுண்டு. மேசைமேல் வைத்து அழுத்தினால் அது வேலை செய்யும். ஆனால் 0.7 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதால், சட்டைப்பையில் குலுங்கியதும் தொடுமுனை விலகிப்போகும். இதைவிடக் கேடானது, 2016 கலங்கள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து 2032-இன் இடத்தை நிரப்புதல். கனம் சரியாகவே 3.2 மில்லிமீட்டர் வரும்; ஆனால் மின்னழுத்தம் 6 வோல்ட் ஆகிவிடும். 3 வோல்ட்டுக்கு அமைந்த சுற்று அதனால் கெட்டுப்போகக் கூடும். சில பழைய சாவிகள் இரு கலங்களுக்கென்றே அமைக்கப்பட்டவை. அவற்றுக்கு மட்டுமே இது பொருந்தும். எனவே பழைய கலத்தை எடுத்தவுடன் அதன் இலக்கத்தையும், எந்த முகம் மேலே இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். அகலமான முகமும் விளிம்பும் நேர்முனை. சற்றுக் குறுகிய முகம் எதிர்முனை.

புதிய கலத்தின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை எடுக்க மறந்துவிடுவதும் உண்டு. அண்மைக் காலத்தில் வேறொரு புதுமையான தடை தோன்றியிருக்கிறது. குழந்தைகள் வாயில் வைத்தவுடன் துப்பிவிட வேண்டும் என்பதற்காகச் சில உற்பத்தியாளர்கள் கலத்தின் மேல் டெனட்டோனியம் பென்சோயேட் என்னும் கடுங்கசப்புப் பொருளைப் பூசுகின்றனர். நோக்கம் மிக நல்லது. ஆனால் தொடுமுனை அந்தப் பூச்சின் மேல் அமர்ந்துவிட்டால் மின்சாரம் பாய்வது தடைப்படும். துணியில் சிறிது ஸ்பிரிட் தோய்த்துத் தொடுமுனை படும் இடத்தை மட்டும் துடைத்தால் சரியாகிவிடும். கலத்தை எப்போதும் விளிம்பைப் பிடித்தே எடுக்க வேண்டும். விரல் எண்ணெயும் வியர்வையும் முகத்தில் படலாகாது.

இனி, ‘மீட்டர் வைத்துப் பார்த்தேன், 3 வோல்ட் காட்டுகிறது, கலம் நன்றாகத்தான் இருக்கிறது’ என்பார் பலர். இது ஏமாற்றக் கூடிய சோதனை. மீட்டர் மிகச் சிறிதளவு மின்னோட்டத்தையே எடுக்கிறது. சாவியோ, அழுத்தும் கணத்தில் ஏறத்தாழ 10 மில்லியாம்பியர் கேட்கிறது. ஒவ்வொரு கலத்திற்கும் உள்ளே ஒரு தடை உண்டு. புதிய கலத்தில் அது ஏறக்குறைய 15 ஓம்; நெடுநாள் உழைத்த கலத்தில் 100 ஓமுக்கு மேலும் உயரும். ஓம் விதிப்படி, 10 மில்லியாம்பியர் பாயும்போது 100 ஓம் அகத்தடையில் 1 வோல்ட் இழக்கப்படும். எஞ்சுவது 2 வோல்ட்டே. அது பல சாவிகளுக்குப் போதாது. கடையில் ஆண்டுக்கணக்காகக் கிடந்த ‘புதிய’ கலமும் இந்நிலையில் இருக்கக் கூடும்.

ஆசிரியர்கள் இதை வகுப்பில் எளிதில் செய்து காட்டலாம். தேய்ந்த கலம் ஒன்றையும் புதிய கலம் ஒன்றையும் மீட்டரால் அளந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டும். பிறகு 300 ஓம் தடையைக் கலத்தின் இரு முகங்களுக்கும் இடையே இணைத்து, இணைத்திருக்கும்போதே அளக்க வேண்டும். புதியது 2.8 வோல்ட்டுக்குக் கீழே அதிகம் இறங்காது; தேய்ந்தது 2 வோல்ட்டை நோக்கி வீழ்வதைக் காணலாம். மின்னியக்கு விசைக்கும் முனை மின்னழுத்தத்திற்கும் உள்ள வேறுபாட்டைப் பாடநூலின் படத்தைவிட இது தெளிவாக உணர்த்தும்.

எடுத்த பழைய கலம் எங்கே?

இங்கே சாவியைச் சற்று நேரம் மறந்துவிட வேண்டும். மேசைமேல் வைத்த பழைய கலம் குழந்தையின் கைக்கு எட்டினால், அது கெட்டுப்போன சாவியினும் பெரிய இடர். 20 மில்லிமீட்டர் அகலமுள்ள லித்தியக் கலம் சிறு குழந்தையின் உணவுக் குழாயில் சிக்கி நின்றுவிடும் அளவுடையது. ஈரமான திசுவின் வழியே மின்சாரம் பாய்ந்து, எதிர்முனையருகே கடுமையான காரம் உண்டாகிறது. 2 மணி நேரத்திற்குள்ளேயே ஆழமான புண் ஏற்படலாம். கார்ச் சாவிக்குப் பயன்படாத ‘தீர்ந்த’ கலத்திலும் இதற்கு வேண்டிய மின்னழுத்தம் எஞ்சியிருக்கிறது என்பதை மறத்தலாகாது.

விழுங்கியதாக ஐயம் தோன்றினாலே, எக்ஸ்-ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே செல்ல வேண்டும். வாந்தி எடுக்க வைக்கலாகாது. குழந்தைக்கு ஒரு வயது நிறைந்திருந்து, விழுங்கி 12 மணி நேரம் கடவாமலும், விழுங்கும் நிலையிலும் இருந்தால், செல்லும் வழியில் 10 நிமிடத்திற்கு ஒரு முறை இரண்டு தேக்கரண்டி தேன், ஆறு முறைக்கு மேற்படாமல், கொடுக்கலாம் என்று இக்கால மருத்துவ அறிவுரை கூறுகிறது. தேன் தேடிக் கடைக்குச் சென்று காலம் கடத்துவது தவறு. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடாது. மூக்கிலோ காதிலோ கலத்தைச் செருகிக்கொண்டாலும் அவசரம் இதே அளவினதே. பழைய கலத்தின் இரு முகங்களையும் ஒட்டு நாடாவால் மூடி, பயன் தீர்ந்த மின்கலங்களைப் பெறும் இடத்தில் சேர்த்துவிட வேண்டும்.

எண்ணை மறந்ததா சாவி?

இனி ஒலிபரப்பியின் பகுதிக்கு வருவோம். ‘கலத்தை எடுத்தவுடன் ஒரு நிமிடத்திற்குள் புதியதைப் போடாவிட்டால் சாவியின் நினைவு அழிந்துவிடும்’ என்னும் நம்பிக்கை பரவலாக உள்ளது. பெரும்பாலான சாவிகளுக்கு இது பொருந்தாது. ஆயினும் இந்நம்பிக்கையின் வேர் எது என்பதை அறிவது நன்று.

தொடக்க காலத்து ரிமோட்டுகள் அழுத்தும்போதெல்லாம் ஒரே குறியை அனுப்பின. மறைந்திருந்து அக்குறியைப் பதிவு செய்து மறுபடி ஒலிபரப்பும் திருடனுக்கு அது பெரு வசதியாயிற்று. இதைத் தடுக்க, ஒவ்வொரு அழுத்தலுக்கும் குறி மாறும் முறை வகுக்கப்பட்டது. அவற்றுள் பெயர் பெற்ற ஒன்று ‘கீலாக்’. 1980-களில் தென்னாப்பிரிக்காவின் நானோடெக் நிறுவனத்தில் உருவான அம்முறையை 1995-இல் அமெரிக்காவின் மைக்ரோசிப் நிறுவனம் விலைக்கு வாங்கிற்று. சாவியில் ஓர் எண்ணிக்கை இருக்கும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் அது ஒன்று கூடும். கூடிய எண் மறைகுறியாக்கப்பட்டு அனுப்பப்படும். வண்டியும் அதே எண்ணைப் பின்தொடர்ந்துகொண்டிருக்கும். முன்பு கேட்ட எண் மீண்டும் வந்தால் வண்டி அதைப் பொருட்படுத்தாது. எந்தப் பூட்டும் என்றும் வெல்ல முடியாததன்று. 2008-இல் ஜெர்மனியின் போகும் நகரப் பல்கலைக்கழகத்தார் இம்முறையின் இரகசியத் திறவெண்ணையும் வெளிக்கொணர்ந்து காட்டினர். இப்போது வரும் வண்டிகளில் இதனினும் வலிய முறைகள் வழங்குகின்றன. ஆனால் எண்ணைப் பின்தொடரும் அடிப்படை மாறவில்லை.

வகுப்பில் இதை விளக்க இரண்டு மாணவர் போதும். இருவரிடமும் ஒரே வரிசையில் எழுதிய எண்களின் தாள் ஒன்று இருக்கட்டும். ஒருவன் சாவி, மற்றவன் வண்டி. சாவி ஓர் எண்ணைச் சொன்னால், வண்டி தன் தாளில் அடுத்து வரும் 16 எண்களுக்குள் அது உள்ளதா என்று பார்க்கட்டும். இருந்தால் கதவைத் திறந்து, அதுவரை உள்ள எண்களை அடித்துவிட வேண்டும். சாவி தனியே எங்கோ நின்று 50 எண்களை வீணாகச் சொல்லிவிட்டு வந்தால், அடுத்த எண் 16-க்கு அப்பால் விழும், கதவு திறவாது. ஆனால் தொடர்ந்து இரண்டு எண்களை வரிசை தவறாமல் சொன்னால் ‘இவன் நம்மவனே, முன்னே சென்றுவிட்டான்’ என்று வண்டி ஒப்புக்கொண்டு தன் இடத்தைத் திருத்திக்கொள்ளும். ‘கீலாக்’ முறையின் வழக்கமான ஏற்பாடு இதுவே. இத்திருத்தம் ஏறத்தாழ 32,000 எண்கள் வரை நடைபெறும். வீட்டுக் குழந்தை நாளொன்றுக்கு 100 முறை விளையாட்டாக அழுத்தினாலும் அந்த எல்லையை எட்ட 320 நாள் ஆகும்!

ஆகவே கலம் மாற்றிய பின் முதல் அழுத்தலுக்குக் கதவு திறவாவிட்டால் கலங்க வேண்டாம். வண்டியின் அருகே நின்று, பொத்தானை இரண்டு மூன்று முறை நிதானமாக அழுத்துக. எண்ணிக்கை, மின்சாரம் அற்றாலும் அழியாத நினைவகத்தில் எழுதப்பட்டிருப்பதால், கலத்தை ஒரு மணி நேரம் எடுத்து வைத்திருந்தாலும் அது மறையாது. சில பழைய ரகங்களில் மட்டும் மறு இணைப்புச் செய்ய வேண்டியிருக்கும். சாவியைத் துளையிலிட்டுக் குறித்த நிலை வரை திருப்பி, குறித்த நொடிக்குள் பொத்தானை அழுத்துவது போன்ற ஒரு முறை அதற்கு உண்டு. அது வண்டிக்கு வண்டி வேறுபடும். உடன் தந்த கையேட்டில் மட்டுமே அதைப் பார்க்க வேண்டும். பிறர் வண்டிக்குப் பொருந்திய முறையை நம் வண்டியில் முயன்றால், இருக்கும் இணைப்பும் போகலாம்.

அரிசி மணி அளவுச் சில்லு

எங்களை அன்றிரவு நிறுத்தி வைத்தது மேற்கூறிய எதுவுமன்று. மூன்றாவது சாவியாகிய சில்லு. 1831-இல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே அதன் அடிப்படை. சாவித் துளையைச் சுற்றி, பிளாஸ்டிக் உறைக்குள், ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. சாவியைத் திருப்பியவுடன் நொடிக்கு ஏறத்தாழ 1,25,000 முறை அலைவுறும் மாறுதிசை மின்னோட்டம் அச்சுருளில் பாய்கிறது. சாவியின் தலைக்குள் உள்ள சில்லிலும் மிகச் சிறிய சுருள் ஒன்று உண்டு. முதற்சுருளின் மாறும் காந்தப் புலம் அதில் மின்சாரத்தைத் தூண்டுகிறது. அந்த அளவு மின்சாரத்தைக் கொண்டே சில்லு விழித்து, தன் அடையாள எண்ணைத் திருப்பிச் சொல்கிறது. எண் பொருந்தாவிட்டால், அல்லது பதிலே வராவிட்டால், வண்டியின் கணிப்பொறி எரிபொருளை நிறுத்திவிடும். இயந்திரம் ஒரு கணம் இயங்கி அடங்குவதன் காரணம் இதுவே.

வனத் துறைக் களப் பணியாளர்களுக்கு இப்பொருள் புதியதன்று. வளர்ப்பு யானைகளுக்கு அடையாளமாகத் தோலுக்கடியில் செலுத்தப்படும் கண்ணாடிக் குப்பிச் சில்லும் இதே வகையினதே. பாட்டரி இன்றியே அது ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, படிக்கும் கருவி அருகே வரும்போது மட்டும் தன் எண்ணைச் சொல்லும்.

சில சாவிகளில் இச்சில்லு மின்சுற்றுப் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். வேறு சிலவற்றிலோ, பலகையோடு தொடர்பின்றி, பிளாஸ்டிக் கூட்டின் ஒரு பள்ளத்தில் தனியே செருகப்பட்டிருக்கும். கறுத்த சிறு ஆப்பு போன்றோ, நீண்ட அரிசி மணி போன்ற கண்ணாடிக் குப்பியாகவோ இருக்கும். அதில் கம்பியும் இல்லை, பொத்தானும் இல்லை; பார்ப்பவருக்குப் பயனற்ற பிளாஸ்டிக் துண்டாகவே தோன்றும். கூட்டைத் திறந்து கவிழ்த்தால் ஓசையின்றி விழுந்துவிடும். கலம் மாற்றுபவர் மூடும்போது எல்லாம் சரியாகவே பொருந்தும். கதவும் முன்னினும் நன்றாகத் திறக்கும். வண்டி மட்டும் கிளம்பாது.

எனவே கூட்டைத் திறக்கும்போது வெள்ளைத் துணியோ தட்டோ விரித்து, அதன் மேல் வைத்தே திறக்க வேண்டும். திறந்தவுடன் உள்ளிருப்பதைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வது சிறந்த பழக்கம். பழைய கூடு உடைந்ததென்று புதுக் கூடு வாங்கி மாற்றுவோர், பழையதை எறியுமுன் அதன் பள்ளங்களைத் தடவிப் பார்க்க வேண்டும். பல நல்ல சில்லுகள் குப்பைக்குப் போவது இவ்வாறுதான். இரண்டு வண்டிகளின் சாவிகள் ஒரே வளையத்தில் நெருங்கி இருந்தால் ஒரு சில்லின் பதிலோடு மற்றதன் பதில் கலந்து, வண்டி ஏற்க மறுப்பதும் உண்டு, பிரித்துவிட்டால் போதும்.

துளையில் சாவியிடாது, பொத்தானை அழுத்திக் கிளப்பும் புதிய வண்டிகளில் முறை சற்று வேறு. அங்கே வண்டி தாழ்ந்த அதிர்வெண்ணில் கூவி அழைக்கும். சட்டைப்பையிலுள்ள சாவி வானொலி அலையால் பதில் சொல்லும். இவ்வாறு எந்நேரமும் செவிசாய்த்திருப்பதால் அச்சாவியின் கலம் விரைவில் தீர்கிறது. தீர்ந்தாலும் வழியுண்டு. உள்ளே ஒளித்து வைத்த சிறு தகட்டால் கதவைத் திறந்து, சாவியைக் கிளப்பும் பொத்தானோடு ஒட்டி வைத்தோ, கையேடு குறிக்கும் இடத்தில் வைத்தோ அழுத்தினால், மேற்சொன்ன தூண்டல் முறையிலேயே சில்லு படிக்கப்பட்டு வண்டி கிளம்பும். அந்த இடம் எது என்பதைக் கலம் நன்றாக இருக்கும்போதே ஒருமுறை அறிந்து வைத்திருத்தல் வேண்டும். தொலைவான ஊர்களுக்கு அலுவலக வண்டியில் செல்லும் பணியாளர்கள் மாற்றுச் சாவியை உடன் கொண்டுபோவதும் நலம். மாற்றுச் சாவிக்கு வண்டி பணிந்தால் பழுது முதற்சாவியில் என்பது நொடியில் தெரிந்துவிடும்.

குண்டல்பேட்டையில் நாங்கள் மூன்றாவது கலத்தைப் போட்டுத் தோற்றபின், அக்கடையில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர், முதல் முறை சாவியைத் திறந்தபோது ஏதோ துள்ளி விழுந்தது போலத் தோன்றியதாக நினைவு கூர்ந்தார். கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு நால்வரும் தரையில் தேடினோம். பழைய கடிகாரப் பட்டைகள் கிடந்த அட்டைப் பெட்டியின் ஓரத்தில் அந்தக் கறுத்த துண்டு கிடைத்தபோது மணி 9.10. பள்ளத்தில் அதை அமர்த்தி மூடினோம். முதல் திருப்பலிலேயே இயந்திரம் கிளம்பிற்று. சாவி விளக்கும் அணைந்தது. காட்டுச் சாலை மூடிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

காலை 6 மணிக்குச் சாவடி திறந்ததும், முன்னே நின்ற லாரிகளின் வரிசைக்குப் பின்னால் மெல்லச் சென்று, 8.20-க்கு நண்பரைக் கூடலூரில் இறக்கிவிட்டேன். தாமதத்திற்கு அவர் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டியதாயிற்று. தலைமையாசிரியர் அதைப் படித்துவிட்டு, ‘கதவு திறந்தது என்கிறீர்கள், பாட்டரியும் புதியது என்கிறீர்கள், பின் வண்டி ஏன் கிளம்பவில்லை?’ என்று கேட்டாராம். அவருக்கு விடை சொல்லும் வகையில் ஒன்று எழுதித் தருமாறு நண்பர் கேட்டதன் பேரில் இது எழுதப்பட்டது.